முத்தை முதலில் விதைத்தவர் யார்?

ஃபைனல் இயர் வந்தவுடனே நம்ம எல்லாருக்கும் ஒரு வார்த்தை தொத்திக்கும்: பேட்டன்ட். தமிழில் காப்புரிமை. ப்ராஜெக்ட் கொஞ்சம் நல்லா வேலை செஞ்சுட்டா போதும், இதுக்கு பேட்டன்ட் போடலாமேன்னு யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சுடுவாங்க. போடறதுன்னா சும்மா இல்லை, நிறைய படிவங்கள் இருக்கு. அதில் ஐந்தாம் நம்பர் படிவம் ரொம்பச் சின்னது. ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்கும். இந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் யார்?

கவனிங்க, கண்டுபிடிப்பாளர் யார்னு மட்டும் கேட்டிருக்கலாம். ஆனால் சட்டம் இரண்டு அடைமொழி சேர்க்குது. ஒன்று 'உண்மையான'. இன்னொன்று 'முதல்'. ஆங்கிலத்தில் ட்ரூ அண்ட் ஃபர்ஸ்ட் இன்வென்டர். நம்ம 1970ஆம் வருடச் சட்டத்தில் இருக்கும் இந்தச் சொற்றொடருக்கு வயசு 400 வருஷம்.

இந்த இரண்டு வார்த்தையும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் புரிந்துகொள்ள, முத்து வளர்த்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அவர் ஜப்பான்காரர். ஆனால் கதை முடிகிற இடம் நம்ம தூத்துக்குடி கடற்கரை.

அதுக்கு முன்னாடி அந்தச் சொற்றொடர் எங்கிருந்து வந்ததுன்னு சுருக்கமா பார்த்துடலாம்.

இங்கிலாந்தில் எலிசபெத் மகாராணி காலத்தில், தனக்கு வேண்டியவர்களுக்கு அரண்மனை ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கும். மூடி முத்திரை வைக்காமல், யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி திறந்த கடிதமாக இருந்ததால் அதற்கு லெட்டர்ஸ் பேட்டன்ட் என்று பெயர். பேட்டன்ட் என்றால் லத்தீன் வழியில் திறந்தது என்று பொருள். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் உப்பு விற்கலாம், அவர் மட்டும்தான் சீட்டுக்கட்டு விற்கலாம். உப்பையும் சீட்டுக்கட்டையும் அவர் கண்டுபிடித்தாரா? இல்லை. ராணிக்குப் பிடித்தவர், அவ்வளவுதான். தூத்துக்குடி உப்பளத்தில் யாரோ ஒருத்தர் வந்து, இனிமேல் உப்பு என் ஏகபோகம்னு கடிதம் நீட்டினா எப்படி இருக்கும்? அங்கேயும் மக்கள் கொதிச்சாங்க.

1624இல் பாராளுமன்றம் இந்த ஏகபோகங்களை எல்லாம் செல்லாது என்று சட்டம் போட்டது. ஒரே ஒரு விதிவிலக்கு விட்டது. புதிதாக ஒரு பொருளைச் செய்யும் முறையை உருவாக்கிய உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளருக்கு மட்டும் 14 வருடம் தனி உரிமை. ஒரு தொழிலாளி தொழில் பழக ஏழு வருடம் ஆகும். இரண்டு தலைமுறை சீடர்கள் பழகி முடிக்கிற காலம்தான் 14.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேய நீதிமன்றங்கள், வெளிநாட்டில் இருக்கும் ஒரு முறையை முதன்முதலில் இங்கிலாந்துக்குள் கொண்டு வந்தவரையும் முதல் கண்டுபிடிப்பாளர் என்றே கணக்கில் எடுத்தன. அதாவது இறக்குமதி பண்ணினாலே இன்வென்டர்! இந்தியாவில் 1856இல் வந்த முதல் சட்டமும் இறக்குமதி செய்தவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது பேட்டன்ட் என்று சொல்ல மாட்டார்கள், பிரத்தியேக உரிமை என்பார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் விண்ணப்பித்தவர் கல்கத்தாவின் சிவில் இன்ஜினியர் ஜார்ஜ் ஆல்ஃப்ரெட் டிபென்னிங். எதுக்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. 1859இல் சட்டத்தைத் திருத்தி, இறக்குமதி செய்தவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார் என்று எடுத்துவிட்டார்கள். இன்றைய நம் சட்டமும் அதையே தெளிவாகச் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தவரோ, வெளிநாட்டிலிருந்து முதலில் கேள்விப்பட்டவரோ 'உண்மையான, முதல்' என்ற பட்டத்துக்குள் வர மாட்டார்.

சரி, இப்போ முத்துக்கு வருவோம்.

தூத்துக்குடிக்கு முத்துநகர்னு பேர். சென்னைக்குப் போற ரயிலுக்கே முத்துநகர் எக்ஸ்பிரஸ்னுதான் பேர். கொற்கைக் காலத்திலிருந்து மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்திருக்கு. கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகளில் முத்துச்சிப்பி கூட்டம் கூட்டமாக ஒட்டி வளரும். அந்தத் திட்டுகளை நம்ம ஊரில் பார் என்பார்கள். தொலாயிரம் பார் மாதிரி ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சிப்பியைக் கையால் பறித்துக் கூடையில் போட்டு மேலே வருவார்கள். கரையில் சிப்பியைக் குவித்து அழுக விட்டு, கழுவி, முத்து தேடுவார்கள். நூற்றுக்கணக்கான சிப்பியைத் திறந்தாலும் நல்ல உருண்டை முத்து ஒன்று கிடைப்பதே அபூர்வம்.

பாண்டியன், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று யார் ஆண்டாலும் முத்துக்குளிப்பு ஆட்சியின் கையில்தான் இருந்தது. அரசு பங்கு போக மிச்சம்தான் குளித்தவருக்கு. எலிசபெத் ராணியின் பழைய ஏகபோகம் மாதிரியேதான். கண்டுபிடிப்பு எதுவும் இல்லாத தனி உரிமை.

முத்து ஏன் உருவாகுது என்பதே பெரிய புதிராக இருந்தது. 1902இல் இலங்கைப் பக்கத்து மன்னார் வளைகுடாவில் ஆராய்ச்சி செய்த ஹெர்ட்மனும் ஹார்னலும், சிப்பிக்குள் நுழையும் ஒரு நாடாப்புழுவின் குட்டியைச் சுற்றித்தான் முத்து வளருகிறது என்று நம்பினார்கள். ஹார்னல் பின்னாளில் சென்னை மாகாணத்தின் முத்து, சங்கு வளங்களைக் கவனிக்கிற அதிகாரியாக வந்தவர். இங்கே இவர்கள் புழுவைத் தேடிக்கொண்டிருந்த அதே சமயத்தில், ஜப்பானில் ஒருவர் சிப்பிக்குள் மணியை வைத்து ஏற்கெனவே கடை திறந்துவிட்டார்.

அவர்தான் மிகிமோட்டோ கோகிச்சி.

1858இல், தோபா என்ற சின்னத் துறைமுக ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ஊடோன் கடை, அதாவது கோதுமை நூடுல்ஸ் கடை. வீட்டுக்கு மூத்த பையன். வருமானம் போதாமல் பதின்ம வயதிலேயே காய்கறி விற்கக் கிளம்பிவிட்டார். துறைமுகத்துக்கு ஒரு பிரிட்டிஷ் கப்பல் வந்தபோது, மற்ற வியாபாரிகளை மேலே ஏற விடாத மாலுமிகளிடம், இவர் மட்டும் மல்லாக்கப் படுத்துக் காலால் பொருளைச் சுழற்றும் வித்தை காட்டி, சிரிக்க வைத்து, காய்கறியை விற்றுவிட்டு வந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்ம பழைய ஹார்பர் பக்கம் போனா இந்த டைப் ஆளை இன்னிக்கும் பார்க்கலாம்.

20 வயதில் டோக்கியோ, யோகோஹாமா போனார். அங்கே தன் ஊர்க் கடலில் எடுத்த முத்துக்கு வெளிநாட்டு வியாபாரிகள் கொடுக்கும் விலையைப் பார்த்து அசந்து போனார். ஊருக்குத் திரும்பியதும் இன்னொன்றும் புரிந்தது. விலை ஏற ஏற, அமா என்று அழைக்கப்படும் மூழ்கும் பெண்கள் சிப்பியைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சிப்பி தீர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே குளிப்பது பெண்கள், நம்ம பக்கம் ஆண்கள். அதைத் தவிர கதை ஒன்றுதான். சிப்பியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜப்பானின் அகோயா சிப்பியும் மன்னார் வளைகுடாச் சிப்பியும் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

1888இல் அவர் சிப்பி வளர்க்க ஆரம்பித்தார். முதலில் நோக்கம் சிப்பியைக் காப்பாற்றுவது மட்டும்தான். 1890இல் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மிட்சுகுரியைச் சந்தித்தபோதுதான் திருப்பம். சிப்பிக்குள் வெளிப்பொருள் போனால் அதைச் சுற்றி முத்துப்பூச்சு படியும், அதை மனிதனே செய்து பார்க்க முடியும் என்று பேராசிரியர் விளக்கினார். தியரி ரெடி. ப்ராக்டிகல்?

ப்ராக்டிகல் பல வருடம் தோல்விதான். எதை வைப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு நாள் விடுவது, எதுவும் தெரியாது. பலவிதமான பொருள்களை வைத்துப் பார்த்தார். சில சிப்பி துப்பிவிடும், சில சிப்பி செத்துவிடும். கடன் ஏறியது. ஊரில் பைத்தியக்காரன் என்று பேச்சு. 1892இல் செங்கடல் பெருக்கு வந்தது. அதாவது கடலில் நுண்ணுயிர் திடீரெனப் பெருகித் தண்ணீரே சிவந்து, ஆக்சிஜன் இல்லாமல் சிப்பி மூச்சு முட்டிச் சாவது. ஒரு பண்ணையே போச்சு. தோபா அருகே ஒரு சின்னத் தீவில் போட்டிருந்த சிப்பிகள் மட்டும் தப்பின.

1893 ஜூலை 11. அந்தத் தீவில் மிகிமோட்டோவும் மனைவி ஊமேயும் கூடையை இழுத்துச் சிப்பியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிப்பிக்குள் ஓட்டோடு ஒட்டியபடி பளபளவென்று முத்து. முழு உருண்டை இல்லை, பாதி. சுண்டல் கடலையை இரண்டாக உடைத்து ஓட்டில் ஒட்டின மாதிரி அரைக்கோளம்.

1896 ஜனவரியில் ஜப்பான் அரசு அவருக்குக் காப்புரிமை கொடுத்தது. எண் 2670. ஜப்பானில் பேட்டன்ட் சட்டம் வந்தே அப்போது 11 வருடம்தான் ஆகியிருந்தது. அதே 1896இல் ஊமே இறந்து போனார். வயது 32. சிப்பியைத் திறந்த இரண்டு ஜோடிக் கைகளில் ஒரு ஜோடியின் பெயர்தான் அந்த 2670இல் இருக்கிறது. மிகிமோட்டோ மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இந்த இடத்தில் நம்ம படிவத்தைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். மிகிமோட்டோ உண்மையான கண்டுபிடிப்பாளரா? ஆமாம். யாரிடமும் திருடவில்லை, தானே வருடக்கணக்கில் செய்து பார்த்தார். முதல் கண்டுபிடிப்பாளரா? அங்கேதான் இடிக்குது. சீனாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னீர்ச் சிப்பிக்குள் சின்னப் புத்தர் உருவங்களை வைத்து, மேலே முத்துப்பூச்சு படிய வைத்து எடுத்திருக்கிறார்கள். செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தாரே ஸ்வீடனின் லின்னேயஸ், அவர் 1761இல் ஆற்றுச் சிப்பியில் உருண்டை முத்தே வளர்த்துக் காட்டி, ரகசியத்தை விற்றும் இருக்கிறார். ஆஸ்திரேலியாவில் வில்லியம் சாவில்-கென்ட் என்ற ஆங்கிலேய உயிரியலாளரும் 1890களில் அரை முத்து வளர்த்தார்.

அப்போ 2670 பொய்யா? இல்லை. காப்புரிமை என்பது முத்துக்குக் கிடையாது. செயற்கையாக முத்து வளர்க்கலாம் என்ற எண்ணத்துக்கும் கிடையாது. கடல் சிப்பியில், இந்த இடத்தில், இந்த விதமாக மணியை வைத்தால் அரை முத்து வரும் என்ற குறிப்பிட்ட முறைக்குத்தான். எல்லை சின்னது. அந்த எல்லைக்குள் அவர் உரிமை கேட்டார், கிடைத்தது. இந்த எல்லையைத்தான் நம்ம ஆட்கள் க்ளெய்ம் என்கிறார்கள். முதல் என்பது உலகத்திலேயே முதல் ஆள் என்ற பட்டம் இல்லை, அந்த க்ளெய்முக்குள் முதல் ஆள் என்பதுதான்.

ஆனால் அரை முத்தை மாலையாகக் கோக்க முடியாது. மோதிரத்தில், புரூச்சில் பதிக்கலாம், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது முழு உருண்டை. 1899இல் டோக்கியோ கின்ஸாவில் கடை திறந்தார். ஆராய்ச்சியையும் விடவில்லை. 1905இல் மறுபடி செங்கடல் பெருக்கு. லட்சக்கணக்கான சிப்பி செத்தது. செத்த சிப்பிக் குவியலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் முழு உருண்டை முத்துகள் கிடைத்தன. 1908இல் உருண்டை முத்துக்கும் காப்புரிமை வாங்கினார்.

இப்போ கதையில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் மிசே தட்சுஹெய். தொழில் தச்சு வேலை. இன்னொருவர் நிஷிகாவா தோகிச்சி. மீன்வளத் துறையின் ஆராய்ச்சியாளர், அதுவும் மிகிமோட்டோவின் மகளைக் கட்டிய மருமகன்! இந்த இருவரும் தனித்தனியாக ஒரே முறைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அந்த முறை என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா இன்று உலகம் முழுக்க உருண்டைக் கடல்முத்து அப்படித்தான் வளருது. சிப்பியின் ஓட்டுக்கு உள்பக்கம் பாவாடை மாதிரி ஒரு சவ்வு இருக்கும். ஓட்டின் உள்பளபளப்பைச் சுரப்பது அதன் தோல் செல்கள்தான். ஒரு சிப்பியைப் பலி கொடுத்து, அந்தச் சவ்வில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுக்கணும். இன்னொரு சிப்பியின் உடலுக்குள், இனப்பெருக்க உறுப்பில், ஊசியால் கீறி ஒரு மணியையும் இந்தத் துண்டையும் ஒட்டினாற்போல வைக்கணும். துண்டில் இருக்கும் செல்கள் பெருகி, மணியைச் சுற்றி ஒரு பையாக மூடிக்கொள்ளும். பை முழுக்கச் சுரப்பு. மெல்லிய அடுக்கு மேல் அடுக்காக மணி மீது படியும். மணிக்கு நல்ல சரக்கு அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பி ஓடு. அதாவது நாடாப்புழுவும் இல்லை, மணல் துகளும் இல்லை, வேலை செய்வது அந்தச் சவ்வுத் துண்டுதான். தமிழில் சொன்னால் உறுப்பு ஒட்டு அறுவைசிகிச்சை.

1907இல் மிசே, நிஷிகாவா இருவரும் விண்ணப்பித்தார்கள். இரண்டும் மோதின. ஒரே கண்டுபிடிப்பு, இரண்டு உண்மையான ஆட்கள், யார் முதல்? கடைசியில் இருவர் தரப்பும் ஒத்துப்போனது. அதனால்தான் இன்றும் அந்த முறைக்கு மிசே-நிஷிகாவா முறை என்று இரட்டைப் பெயர். நிஷிகாவா 1909இல், 35 வயதைத் தாண்டும் முன்பே இறந்துவிட்டார். அவருடைய காப்புரிமை அவர் போன பிறகுதான் வந்தது. சாவில்-கென்டின் முறை ஆஸ்திரேலியாவிலிருந்து வாய்வழியாக ஜப்பானுக்குப் போயிருக்கலாம் என்று வாதாடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அது உண்மையானால், இறக்குமதி செய்தவர் இன்வென்டரா என்ற 1856, 1859 சண்டை மறுபடி எழுந்து நிற்கும்.

மிகிமோட்டோவின் சொந்த முறை வேறு. மணி முழுவதையும் சவ்வால் மூட்டை மாதிரி சுற்றிக் கட்டி உள்ளே வைக்கணும். வேலை ஜாஸ்தி, பலன் கம்மி. ஒரு துண்டு போதும் என்ற மருமகன், தச்சர் முறைதான் வென்றது. பிற்பாடு மிகிமோட்டோவின் பண்ணைகளும் அதற்கே மாறின. இவ்வளவு இருந்தும், வளர்ப்பு முத்தைக் கண்டுபிடித்தவர் யார்னு க்விஸ்ஸில் கேட்டா ஆன்சர் என்ன? மிகிமோட்டோ. மிசே பெயரை யார் சொல்லப் போறாங்க?

இதைப் படித்துவிட்டு மிகிமோட்டோவை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் செய்த பெரிய வேலை வேறு. லேபில் வந்த முத்தை உலகத்தின் கழுத்துக்குக் கொண்டு போனது அவர்தான். லண்டனில் 1921இல் அவருடைய முத்து போலி என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. இயற்கை முத்து வியாபாரிகளின் பிழைப்பே ஆட்டம் கண்டது. பாரிஸில் விஷயம் நீதிமன்றம் வரை போனது. அவர் பின்வாங்கவில்லை. விஞ்ஞானிகள் வெட்டிப் பார்த்து, மேல் அடுக்குகள் எல்லாம் சிப்பியே சுரந்தவைதான், உள்ளே இருக்கும் மணியில் மட்டும்தான் வித்தியாசம் என்றார்கள். 1924இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. சிப்பி சுரந்தது என்றால் அது முத்துதான்.

1927இல் அமெரிக்காவில் எடிசனைச் சந்தித்தார். 1,000க்கும் மேல் காப்புரிமை வைத்திருந்த எடிசன், வைரமும் முத்தும்தான் தன் ஆய்வகத்தில் செய்ய முடியாமல் போனவை என்று சொல்லி அவரைப் பாராட்டியதாகச் சொல்வார்கள். 1932இல் மட்டமான முத்துகள் சந்தையில் பெருகி விலையும் பெயரும் கெட்டபோது, கோபே நகரில் எல்லோர் கண்முன்னே மட்ட முத்துகளை மண்வெட்டியால் அள்ளித் தீயில் போட்டார். க்வாலிட்டி கன்ட்ரோலுக்கு இதைவிட நல்ல டெமோ கிடையாது. 1954இல், 96 வயதில் இறந்தார். 1985இல் ஜப்பான் காப்புரிமை அலுவலகம் தன் நாட்டின் பத்துப் பெரிய கண்டுபிடிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவரும் ஒருவர். எதற்காகத் தெரியுமா? அந்தப் பழைய 2670க்காக.

இனி நம்ம கடற்கரைக்குத் திரும்புவோம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. 1961தான் கடைசி. பாரில் சிப்பி நிலைக்கவில்லை.

அதற்குள் ஜப்பானின் பழைய காப்புரிமைகள் காலாவதியாகி இருந்தன. காப்புரிமை என்பது திறந்த கடிதம் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? 14 வருடமோ 20 வருடமோ உரிமை கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ரகசியத்தை உலகத்துக்குத் திறந்து வைக்கச் சொல்வதுதான் அந்த ஒப்பந்தம். கடிதம் திறந்துதான் இருந்தது. ஆனால் கைப்பழக்கம்? எந்தக் கோணத்தில் கீறுவது, துண்டு எவ்வளவு பெரிசு, சிப்பியை எப்படிப் பக்குவப்படுத்துவது? அதை ஜப்பானியர் மூடியே வைத்திருந்தார்கள். 1956இல் ஆஸ்திரேலியாவின் குரி பே பண்ணையில்கூட ஊசி பிடித்தது ஜப்பானியத் தொழில்நுட்பக்காரர்கள்தான்.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் முத்து வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பண்ணை வேப்பலோடையில். விஞ்ஞானி கே. அழகர்சாமி, யாரும் கையைப் பிடித்துச் சொல்லித் தராமல், நம்ம மன்னார் வளைகுடாச் சிப்பியில் சவ்வு ஒட்டிச் செய்து பார்த்தார். 1973 ஜூலையில் முழு உருண்டை முத்து வந்தது. இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்து. அடுத்து 1981இல், கடலை நம்பாமல் சிப்பிக் குஞ்சுகளையே ஆய்வகத் தொட்டியில் பொரிக்க வைத்து வளர்த்தார்கள்.

இப்போ தேதிகளைப் பாருங்க. 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1972 ஏப்ரலில். முத்து வந்தது 1973இல். புதுச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் மிசே-நிஷிகாவா முறைக்கு அழகர்சாமி 'முதல்' இல்லை. உலகத்துக்கு அது பல பத்தாண்டு பழசு. இந்தியாவுக்குள் முதலில் செய்தார் என்பது சட்டத்துக்குப் போதாது. அந்தக் கதவை 1859லேயே சாத்திவிட்டார்கள். அதனால் அவர் வேலை சின்னதாகிவிடுமா? ஜப்பான் மூடி வைத்த கைப்பழக்கத்தை வேப்பலோடையில் புதிதாகக் கற்றுக்கொண்டது எந்த க்ளெய்முக்குள்ளும் அடங்காத சாதனை. ஐந்தாம் படிவத்தில் எழுத முடியாத விஷயங்களும் இன்ஜினியரிங்தான்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். ப்ராஜெக்ட் டீமில் நாலு பேர். ஒருத்தன் ராத்திரி பூரா சர்க்யூட்டோட உட்கார்ந்திருப்பான். ஒருத்தி கோடு எழுதியிருப்பாள். ஒருத்தர் காசு போட்டிருப்பார். ஒருத்தர் பெரிய பதவியில் இருப்பார். படிவத்தில் எந்தப் பெயர் எந்த வரிசையில் வரும் என்பது பல கல்லூரிகளில் ஹாஸ்டல் வராண்டாவில் கேட்கிற கதைதான். சட்டம் இதில் ரொம்ப நேராகவே பேசுகிறது. விண்ணப்பதாரர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. காசு போட்ட நிறுவனம் விண்ணப்பதாரராக, உரிமையாளராக இருக்கலாம், தப்பே இல்லை. ஆனால் கண்டுபிடிப்பாளர் என்ற கட்டத்தில் யோசித்து உருவாக்கிய மனிதரின் பெயர்தான் வரணும். மனிதரின் பெயர்னு அழுத்திச் சொல்றேன். ஏஐயைக் கண்டுபிடிப்பாளராகப் போட முடியாது என்று 2023 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

'உண்மையான' என்ற வார்த்தை டீமுக்குள்ளே பார்க்கச் சொல்லுது: இது யார் மூளையில் பிறந்தது? 'முதல்' என்ற வார்த்தை வெளியே பார்க்கச் சொல்லுது: இதை உலகத்தில் வேற யாராவது ஏற்கெனவே செஞ்சிருக்காங்களா? முதல் கேள்விக்குப் பதில் ஹாஸ்டல் ரூமிலேயே கிடைச்சுடும். இரண்டாவது கேள்விக்குத் தேடணும். பேட்டன்ட் தளங்களில், பழைய ஜர்னல்களில், சில சமயம் 13ஆம் நூற்றாண்டுச் சீனா வரைக்கும். தேடிப் பார்த்து, நமக்கு மிஞ்சுவது அரை முத்துதான்னா, அரை முத்துன்னே எழுதுவோம். மிகிமோட்டோவின் 2670இல் இருந்ததும் அவ்வளவுதான்.